சிவப்பு மீனுக்குத் துணை

அலோர் காஜாவில் வளர்ப்பு மீன் கடையில் பதினெட்டு வருசம் வேலை பார்த்தேன். கடை வேலைக்குப் புதுசாய் வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் செய்த தப்பு இது.

சண்டை மீனை பாட்டிலுக்கு ஒன்றுதான் போடுவோம். இரண்டு பாட்டிலுக்கு நடுவில் அட்டை வைப்போம். ஒன்றை ஒன்று பார்த்தால் செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியில் முட்டும். எனக்கு இது முதல் நாளிலிருந்தே தெரியும்.

மல்லிகா என்று ஒருவர் பக்கத்து ஊர் ரெம்பியாவிலிருந்து கடைக்கு வருவார். ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற வேலை. அவர் புருசன் எங்களிடம் ஒரு சிவப்பு சண்டை மீன் வாங்கிப் போனார். அடுத்த வாரம் இறந்துவிட்டார். மீன் இருந்தது.

“அண்ணே, நான் காலையில போனா சாயங்காலம்தான் வர்றேன். அது ஒண்டியா கெடக்கு, பாவம் லா. கூட ஒண்ணு குடுங்க.”

“அது தனியா இருக்கிற மீன்மா.”

“தனியா இருக்க யாருக்குண்ணே புடிக்கும்?”

என் வீட்டிலும் நான் மட்டும்தான். அவர் கை காட்டிய ஆண் கப்பி மீனைப் பிடித்துக் கொடுத்தேன். பெரிய வால், நல்ல நிறம். அந்த வாலைப் பார்த்தால் சண்டை மீன் விடாது. தெரிந்துதான் கொடுத்தேன்.

மறுநாள் இரண்டு மீனையும் மைலோ டின்னில் போட்டுக் கொண்டுவந்தார். கப்பி செத்துப்போயிருந்தது. கப்பி திருப்பிக் கடித்ததில் சிவப்பு மீன் வால் நார் நாராய்க் கிழிந்து அடியில் கிடந்தது.

“இதுவும் போச்சுன்னா, அவர் வாங்கினதுல உசுரோட எதுவும் இல்லண்ணே.”

அழவில்லை. ஏசவும் இல்லை.

“என் தப்புமா. விட்டுட்டுப் போங்க.”

கெத்தாபாங் என்கிற நாட்டு வாதுமை இலையை ஊறப்போட்டு, தண்ணீர் டீ நிறத்துக்கு வந்ததும் அதில் விட்டேன். ஒரு சிட்டிகை உப்பு. தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினேன். நாலு நாள் தின்னவில்லை. ஐந்தாம் நாள் ஒரு புழு தின்றது.

மல்லிகா தினமும் வேலை முடிந்து வருவார். பாட்டிலிடம் குனிந்து, “சாப்பிட்டியாடா?” என்பார். பிறகு என்னிடம், “நீங்க சாப்பிட்டீங்களாண்ணே?” முதலில் மீன். அப்புறம்தான் நான். என்னை வேறு யாரும் அப்படிக் கேட்டதில்லை.

வால் முளைத்துவிட்டது.

“இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும்மா” என்றேன்.

இரண்டு நாள் கழித்தும் அதையே சொன்னேன். சிரித்துவிட்டார்.

“அண்ணே, வால் முளைச்சு ரெண்டு நாளாச்சு. எனக்கும் கண்ணு இருக்கு லா.”

மீனைப் பையில் கட்டினேன். கூட ஒரு நத்தை போட்டேன்.

“இது என்னண்ணே, அசையவே மாட்டேங்குது?”

“அசையும். சண்டை போடாது.”

அதற்கப்புறம் மாதம் ஒரு தடவை மீனுக்குச் சாப்பாடு வாங்க வருவார். மீன் நன்றாக இருக்கிறது என்பார். பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்.

சண்டை மீனோடு நீள வால் உள்ளது எதையும் போடாதீர்கள். ஆள் கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள். குணமாகிவிட்ட மீனைக் கடையில் நிறுத்தி வைக்காதீர்கள்.