பட்டு மாடியில் உட்கார்ந்தவள்

எனக்கு உட்கார வராது. சோறுகூட நின்றுகொண்டேதான் தின்பேன். தி.நகரில் ஒரு துணிக்கடையில் வருஷக்கணக்கில் சேலை விரித்துப் போட்டவள் நான். காலையில் உள்ளே போனால் ஷட்டர் இறங்கும்வரை உட்காரக் கூடாது என்பது அங்கே யாரும் சொல்லாமலே தெரிந்த விதி. அந்தக் கால்கள் இன்னும் அடங்கவில்லை. மாநகராட்சிக் கூட்டத்தில்கூட மேசைக்கடியில் செருப்பைத் தேய்த்துக்கொண்டே இருப்பேன். "இவ வூட்டு நாற்காலிக்குத்தான் ரெஸ்டு" என்பாள் எங்கள் தெரு மீன்காரம்மா.

பிறந்தது இலங்கை மலையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கப்பலில் வந்து இறங்கி, எங்கெங்கோ சுற்றி, அடையாற்றங்கரையில் ஒரு குடிசைக்கு வந்து சேர்ந்தோம். கடை வேலையை விட்டபின் பெண்கள் சங்கம் என்று அலைந்தேன். எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது என்னைத் தேர்தலில் நிற்கச் சொன்னார்கள். எதிர்த்தரப்பு ஆள் மைக்கைப் பிடித்து, "கப்பல்ல வந்தவளுக்குக் கவுன்சிலர் பதவியா?" என்று கேட்டான். குழாயடியில் குடம் வைத்திருந்த ஒருத்தி திரும்பினாள். "நீ மட்டும் இன்னா, இங்கயே மொளச்சியா? உங்க தாத்தா எந்த பஸ்ல வந்தாருன்னு போய்க் கேளு." அந்த வாய்க்கே எனக்குப் பாதி ஓட்டு விழுந்திருக்கும்.

ஜெயித்த பிறகும் இன்ஜினியர் வந்தால், "சார் இல்லீங்களா?" என்று என் புருஷனைத்தான் தேடுவார். "சார் ஆட்டோ ஓட்டப் போயிருக்காரு. கால்வாய நான்தான் பாக்குறேன்" என்பேன்.

போன ஆடித் தள்ளுபடி சமயத்தில், ஒரு காலையில் எங்கள் பகுதிப் பெண் ஒருத்தி என் வாசலுக்கு வந்தாள். வயிற்றில் ஆறு மாசம். தி.நகரில் வேறொரு துணிக்கடையில் வேலை. கணுக்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. பிரஷர் ஏறுகிறது, நிற்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாராம். வேலையை விடலாமென்றால் அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிகிறது.

"உக்கார ஸ்டூல் போடணும்னு சட்டமே இருக்கே?" என்றேன்.

"ஸ்டூல் கீதுக்கா. அதுமேல ஜாக்கெட் பிட்டு குந்தினு கீது." சிரித்தவள் உடனே கெஞ்சினாள். "நீ பாட்டுக்கு வந்து சத்தம் போட்டுட்டுப் போய்டுவ. நாளைக்கு வேலை போறது எனக்கு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத."

அவள் போனபின் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. புகார் கொடுத்தால் முதலில் அவளைத்தான் வெளியே அனுப்புவார்கள். கொடுக்காவிட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. தெருமுனைக்கும் வீட்டுக்குமாக நடந்து பார்த்துவிட்டு, மத்தியானம் பஸ் ஏறிவிட்டேன். போய் என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாமலே.

அவள் கடை மேனேஜருக்குச் சங்கத்து நாளிலிருந்தே என்னைத் தெரியும். "வாங்கம்மா, உக்காருங்க. ரோஸ் மில்க் சொல்லட்டுமா?" என்று ஜாக்கெட் துணியை ஒதுக்கிவிட்டு ஸ்டூலை எனக்கு இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. கவுன்ட்டருக்குப் பின்னால் பெண்கள் கால் மாற்றிக் கால் நின்றுகொண்டிருந்தார்கள். அவளும் நின்றாள், என்னை யாரென்றே தெரியாதவள் மாதிரி.

அப்போதுதான் மாடிப்படி கண்ணில் பட்டது. மேலே பட்டுப் பிரிவு. பட்டு விற்கிறவர்கள் நின்று விற்பதில்லை. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் சம்மணம் போட்டு, வருகிறவர்களையும் எதிரே உட்கார வைத்து, நிதானமாகப் பிரித்துக் காட்டுவார்கள். அத்தனை பேரும் ஆண்கள். கீழே காட்டன் சேலையும் பூனம் சேலையும் விற்கிற பெண்களுக்குத்தான் நிற்கிற விதி. நான் வேலை பார்த்த கடையிலும் இதே கதைதான். அப்போதெல்லாம் எனக்கு அது உறைத்ததே இல்லை.

"பட்டு பாக்கணும். இந்தப் பொண்ணு காட்டட்டும்" என்றேன்.

"மேல நம்ம பசங்க இருக்காங்கம்மா. இது காட்டன் செக்ஷன்."

"கட்டிக்கிறது பொம்பள. காட்டுறதும் பொம்பளையா இருக்கட்டுமே. ஆம்பள தோள்ல போட்டுக் காட்டினா எனக்குப் பிடிபட மாட்டேங்குது."

பக்கத்தில் நின்ற ஒரு மயிலாப்பூர் மாமி சட்டென்று, "வாஸ்தவம்தானே? மீசைக்குக் கீழே முந்தானைய வெச்சுண்டு பார்த்தா எனக்கும் ஒண்ணும் தெரியறதில்ல. நானும் வரேன்" என்றாள்.

வாங்க வந்த மாமியை எந்த மேனேஜர் தடுப்பார்? அந்தப் பெண் மெதுவாகப் படியேறி, ஒரு கையைத் தரையில் ஊன்றி மெத்தையில் உட்கார்ந்தாள். சேலைக் குவியலுக்கு அடியில் கால்களை நீட்டிக்கொண்டாள். நான் நின்றால் அவளும் எழுந்து நிற்க வேண்டியிருக்கும் என்பதால் நானும் உட்கார்ந்தேன். அரக்கு வேண்டாம், பார்டர் பெரிசு, இது மாதிரியே பச்சையில் இருக்கிறதா என்று வாய் ஓடியது. என் முட்டி தானாக ஆடியது. "ஆடாம குந்துக்கா, விரிப்பு சுருங்குது" என்று கிசுகிசுத்தாள்.

சாக்கடை அடைத்துக்கொண்டதென்று வார்டிலிருந்து போன் மேல் போன். கடைசியில் எழுந்தேவிட்டேன். மேனேஜர் அதற்காகவே காத்திருந்தவர் போல வந்தார். "கீழ கூட்டமா இருக்கு. நீ இறங்கும்மா."

நான் வாயைத் திறந்தேன். அவள் கண்ணாலேயே வேண்டாமென்றாள். மடித்துக்கொண்டிருந்த சேலையிலிருந்து கையை எடுக்காமல், "மாமி வூட்ல கல்யாணமாம் சார். இன்னும் நாலு பாக்கணுமாம். நான்தான் காட்டணுமாம்" என்றாள்.

மாமி அப்படி எதுவுமே சொல்லியிருக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஆமாம். மாட்டுப்பொண்ணுக்கும் சேர்த்துப் பார்க்கணும். எனக்கு அவசரமே இல்ல" என்றாள்.

 மேனேஜர் அலமாரியிலிருந்து தானே ஒரு கட்டுச் சேலையை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

நாளைக்குச் சேலை வாங்குகிறவளாக யாரை அனுப்பி இவளையே பட்டு காட்டச் சொல்வது என்று, படியிறங்குவதற்குள் என் மனசு எங்கள் வார்டில் தெருத்தெருவாக ஓட ஆரம்பித்துவிட்டது.