ஈஸ்வரமூர்த்தியின் துவக்கும் ஒரு பூசைப் படமும்

அவுஸ்திரேலியாவின் ஹரிஸ் பார்க்கில் எங்கள் வேலிக்கு அடுத்த வீட்டில் இருந்த ஈஸ்வரமூர்த்தி, கதவைப் பூட்டிவிட்டு ஏழு தரம் இழுத்துப் பார்ப்பார். குடிவந்த மூன்றாம் மாதம் கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்கிப் பூட்டினார். அதையும் ஏழு தரம் இழுத்துப் பார்த்தார்.

சிரிக்கலாம்தான். ஆனால் 1983 ஆடிக் கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் அவரும் மனைவி பவளமும் பக்கத்து வீட்டுக் கழிப்பறைக்குள் ஒன்றரை நாள் நின்றபடியே நின்றவர்கள். சொந்த வீடு எரிந்த மணம் அந்தச் சின்ன யன்னல் வழியாகத்தான் அவர்களுக்கு வந்தது. ஒழுங்கையில் ஓடிய ஆட்களை அவர் காலடியை வைத்தே எண்ணினாராம். முந்நூறு பேர் என்பார். பவளம் இருபது பேர் என்பாள். இருபது பேர் வந்தாலும் வீடு எரியும் என்பதால் அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை.

கொழும்பில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வரைபடம் வரைந்தவர், இங்கே கிரான்வில்லில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். 1986இல் எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் களவு போனது. மற்றவர்கள் நாய் வாங்கினார்கள். ஈஸ்வரமூர்த்தி துவக்கு வாங்குவதென்று முடிவு செய்தார். அந்த நாளில் உரிமம் எடுத்தவர்கள் நீளத் துவக்கைக் கடையிலே வாங்கலாம். உரிமத்துக்காகப் பொலிஸ் நிலையத்துக்குப் போன அன்று அவர் அதன் படியில் நாலு தரம் ஏறி நாலு தரம் இறங்கினார். ஐந்தாவது தரம் ஒரு பொலிஸ்காரரே வெளியே வந்து, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டு உள்ளே கூட்டிப்போனார்.

பிறகு ஆறு சனிக்கிழமை துவக்குக் கடையில் நின்றார். கடைக்காரர் சிவந்த முகக்காரர், பொறுமைசாலி. முதலில் காட்டியது ஒவ்வொரு வெடிக்கும் இழுத்துப் பூட்ட வேண்டிய ரைபிள், மலிவானது. “நான் இழுத்துப் பூட்டுமட்டும் அவங்கள் வாசல்ல நிப்பாங்களோ?” என்று கூட வந்த பவளத்தைத் தமிழில் கேட்டார். அடுத்தது இரட்டைக் குழல். தோளில் வைத்துப் பார்த்ததுமே தோள் வலித்தது. இராணுவம் பாவிக்கிற மாதிரி ஒன்றைக் கடைக்காரர் எடுத்தபோது, அதைத் தொடாமலே இரண்டடி பின்னால் போய்விட்டார். அந்த உருவத்தை அவர் முன்பே பார்த்திருக்கிறார், குழல் பக்கத்திலிருந்து.

ஆறாவது சனிக்கிழமை கடைக்காரர் ஒரு குட்டைக் கார்பைனைக் கொண்டுவந்தார். கைத்துப்பாக்கியின் சின்ன ரவைத் தோட்டா போட்டுச் சுடுவது. விசையை அழுத்த அழுத்த ஒவ்வொன்றாகப் போகும், நடுவில் ஒன்றும் இழுக்கத் தேவையில்லை. பாரம் குறைவு, உதைப்புக் குறைவு. ஒருவர் பாவித்துக் கொடுத்தது என்பதால் விலையும் கட்டுப்படியாகும்.

“எதைச் சுடப்போகிறீர்கள்?” என்று கடைக்காரர் கேட்டார்.

“முயல்.”

“நிறைய வருமோ?”

ஈஸ்வரமூர்த்தி பொய் சொல்லத் தெரியாதவர். “ஒருமுறை முந்நூறு வந்தது,” என்றார்.

“அம்மாடி, பெரிய காணிதான்!” என்று கடைக்காரர் வியந்து, ஒரு பெட்டி ரவையும் சேர்த்து விற்றார்.

துவக்கு வந்த பிறகு அவருடைய பயம் பாதியாகியிருக்க வேண்டும். அது இரண்டு மடங்கானது. கொழும்பில் ஒரு தமிழ் வீட்டுக்குள் வெறும் ரவைக் கோது அகப்பட்டாலே அந்த வீட்டு ஆம்பிளைகளைக் கொண்டுபோய்விடுவார்கள். அது இங்கே இல்லை என்று மூளைக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரியவில்லை. துவக்கைக் கட்டிலின் கீழும், ரவையை அரிசி வாளிக்குள்ளும், ரவை நிரப்பும் கூட்டைக் குசினிப் பரணிலும் பிரித்து ஒளித்தார். ஒரு நாள் ஒத்திகை பார்த்தபோது எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டக் கால் மணித்தியாலம் எடுத்தது.

“பரவாயில்லை,” என்றாள் பவளம். “வாற கள்ளனைக் கதிரையில இருத்தி ஒரு தேத்தண்ணி குடுக்கிறன். நீங்கள் ஆறுதலாய்ப் பூட்டி முடியுங்கோ.”

அந்தப் பவளம்தான் பிழையும் விட்டவள். புரட்டாதியில் ஆயுத பூசை வந்தது. தையல் மெஷின், கத்தி, அவருடைய பழைய கவராயப் பெட்டி, காரின் ஸ்பானர் எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கியவள், கட்டிலின் கீழிருந்து துவக்கையும் எடுத்து வந்தாள். “ஆயுத பூசைக்கு ஆயுதத்தை வையாமல் ஸ்பானரை வைச்சால் சாமி சிரிக்கும்,” என்றாள். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, குழலில் ஒரு செவ்வந்தியும் செருகினாள். அவர் வேலைக்குப் போயிருந்தார். நான் வடைக்குப் போயிருந்தேன். பொட்டு வைத்த துவக்கு, கல்யாணப் பெண் மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு கிடந்தது.

ஒவ்வொரு பூசைக்கும் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவது அவர்கள் வீட்டு வழக்கம். இந்த முறையும் பவளம் எடுத்தாள், கழுவக் கொடுத்து வாங்கினாள், ஈஸ்வரமூர்த்தியின் தம்பி சிறிதரனுக்கு அனுப்பினாள். அவன் அவுஸ்திரேலிய விசாவுக்காக வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் காத்திருந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. மூன்று நாள் கழித்துச் சோறு போடும்போதுதான் பவளம் அதைச் சொன்னாள்.

ஈஸ்வரமூர்த்தி கையைக் கழுவவில்லை. குழைத்த சோற்றோடு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். அவர்கள் வீட்டில் தொலைபேசி இல்லை.

“அக்கா, கொழும்புக்கு ஒருக்கா எடுக்கவேணும். தம்பியைக் கொல்லப்போறம்.”

லொட்ஜுகளில் பொலிஸ் தேடுதல் நடந்துகொண்டிருந்த காலம். போன மாதம் அதே வீதியில் இரண்டு பொடியன்களைக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. சிறிதரனின் பெயர் எழுதிய உறைக்குள் குங்குமம் வைத்த துவக்கு இருந்தால், அதற்கு அவன் என்ன விளக்கம் சொல்ல முடியும்?

லொட்ஜை நடத்தியவர் பிலோமினம்மா, மன்னார்க் கத்தோலிக்கர். தொலைபேசியை அவரே எடுத்தார். யாராவது ஒட்டுக்கேட்பார்கள் என்ற பயத்தில் ஈஸ்வரமூர்த்திக்குத் துவக்கு என்ற அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை.

“அன்ரி, என்ர கடிதம் ஒண்டு வரும். தம்பியிட்டக் குடாதேங்கோ. திறக்காமல் எரிச்சுப் போடுங்கோ.”

“ஏன் தம்பி? என்ன கிடக்கு அதுக்குள்ள?”

“ஒரு படம்.”

“என்ன படம்?”

நான் காதைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். பிலோமினம்மாவின் குரல் தணிந்தது. “பொம்பிளைப் படமோ?”

மூழ்குகிறவர் எதையும் பிடிப்பார். “ஓம் அன்ரி,” என்றார்.

அடுத்த ஐந்து நிமிடம் அவருக்கு நரகத்தின் வெப்பநிலை விளக்கப்பட்டது. கடைசியில், எரிப்பதாகப் பிலோமினம்மா ஒப்புக்கொண்டார்.

ஆறு நாள் ஈஸ்வரமூர்த்தி சாப்பிடவில்லை. ஆறாவது நாள் பின்னேரம், நாங்கள் காசு கட்ட ஒத்துக்கொண்டால் பேசலாம் என்று கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. வேலியால் கூப்பிட்டேன், வந்தார். சிறிதரன் தபால் கந்தோரில் நின்று அழுதான்.

“அண்ணா, கடிதம் வந்ததாம், அன்ரி எரிச்சுப்போட்டா. இப்ப என்னை வெளிய போகச் சொல்லுறா. மூண்டு குமர்ப்பிள்ளையள் இருக்கிற வீட்டில இப்பிடியான படம் வாற ஆளை வைச்சிருக்க ஏலாதாம். நான் என்ன செய்தனான்?”

பொலிஸ் பதிவில்லாமல் வரும் தமிழ்ப் பொடியனை எந்த லொட்ஜும் எடுக்காது. அன்றைய கொழும்பில் இரவு வீதியில் நின்றால், விடியும்போது அவன் எங்கே இருப்பான் என்று சொல்லத் தேவையில்லை. அங்கே அப்போது மத்தியானம். பொழுதுபட ஆறு மணித்தியாலம்தான் இருந்தது.

பொய்யால் தம்பி தெருவுக்கு வந்தான். உண்மையைச் சொன்னால் கம்பிக்குப் பின்னால் போகலாம். ஈஸ்வரமூர்த்தி லொட்ஜின் இலக்கத்தைத் தானே சுழற்றினார்.

“அன்ரி, அது பொம்பிளைப் படமில்லை. மனிசி பூசையில வைச்ச துவக்கு. இங்க கடையில வாங்கினது. தம்பிக்கு ஒண்டும் தெரியாது.”

தொலைபேசிக் கம்பிக்குள் எங்கோ ஒரு ‘கிளிக்’ கேட்டது. அல்லது கேட்டதாக எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியது. ஈஸ்வரமூர்த்தி கண்ணை மூடினார்.

பிலோமினம்மா பேசியபோது, வீதிக்கும் ஒட்டுக்கேட்கிறவனுக்கும் சேர்த்துக் கேட்கிற குரலில் பேசினார்.

“ஒப்புக்கொண்டது நல்லது! நாப்பது வயசில உமக்கு ஏன் இந்தக் கேடுகெட்ட பொம்பிளைப் படங்கள்? பெண்சாதி இருக்கிற மனிசன்! கோயிலில போய் முழங்காலில நில்லும். பொடியன் என்ன பாவம் செய்தவன்? வந்து சோத்தைத் தின்னட்டும்.”

தொலைபேசி வைக்கப்பட்டது. வெள்ளவத்தை முழுக்க அந்தப் பெயர் அவருக்கு நிலைத்தது. திருத்த அவர் முயலவில்லை.

அடுத்த சனிக்கிழமை துவக்கைப் பாதி விலைக்குக் கடையிலே திருப்பிக் கொடுத்தார்.

சிறிதரனுக்கு அடுத்த சித்திரையில் விசா கிடைத்தது. விமான நிலையத்துக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். கட்டிப்பிடித்து முடிந்ததும் அவன் சிரித்துக்கொண்டு கேட்டான்: “அண்ணா, ஆர் அந்தப் பொம்பிளை? அன்ரி கடைசிவரைக்கும் சொல்லேல்லை.”

பக்கத்தில் சீருடையில் ஒருவர் நின்றார். ஈஸ்வரமூர்த்தி காருக்குள் ஏறி, நாலு கண்ணாடியையும் ஏற்றிய பிறகுதான் துவக்கைப் பற்றிச் சொன்னார்.

சிறிதரனின் சிரிப்பு நின்றுவிட்டது. அன்ரி தன்னைத் திரும்ப எடுத்த மூன்றாம் நாள் லொட்ஜுக்கு வந்த பொலிஸ்காரர்கள், தன் தலையணையைக் கிழித்து, எதைத் தேடுகிறார்கள் என்று சொல்லாமலே பஞ்சுக்குள் கை விட்டுத் தேடியதை அவன் அதுவரை ஒருவருக்கும் எழுதவில்லை.