பேட்டரி தீர்ந்துபோன பத்து நிமிடம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆவணி மாதத்தில் எனக்குக் கல்யாணம். காலையில் முகூர்த்தம் பெண் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில். மாலையில் வரவேற்பு எங்கள் ராஜபாளையத்தில். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஒரு குட்டித் தூக்கம் போடுவதற்குள் ஊர் வந்துவிடும். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் ஒருவன் எவ்வளவு பெரிய முட்டாளாக முடியும் என்பதை அன்று நான் செய்து காட்டினேன்.

நூல் மில்லில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. ஓடுகிற நூலில் கடுகளவு முடிச்சு இருந்தாலும் பிடித்துவிடுவேன் என்று மில்லில் ஒரு பெயர் உண்டு. தயவுசெய்து இதை நம்பாதீர்கள்.

பெண் பார்க்கப் போன அன்றே அவள் என்னிடம் தனியாகப் பேசினாள். பத்து வயதிலிருந்து அவளுக்குச் சர்க்கரை நோய். மாத்திரையில் அடங்குகிற வகை இல்லை. சாப்பாட்டுக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வந்துவிடும். என் அப்பா அம்மாவிடமும் மறைக்கவில்லை. சொந்தக்காரர்களுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்றாள். பால்கோவா ஊரில் பிறந்த பிள்ளைக்கா இப்படி என்று ஆளாளுக்கு உச்சுக் கொட்டுவார்களாம். அந்தச் சத்தம் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டதாம்.

“நான் இருக்கேன்ல, பாத்துக்கிறேன்” என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. சொல்வதற்கென்ன, வாய் இருந்தால் போதுமே.

அடுத்து போட்டோகிராபர் தேடல். முதலில் நான் பார்த்துவைத்த ராஜபாளையம் ஸ்டூடியோவுக்கு அவளையும் அழைத்துப் போனேன். சோபா, ஏசி, சுவர் முழுக்க டிவி. டிவியில் ஒரு மாப்பிள்ளை கலர் புகைக்கு நடுவே மெதுவாக நடந்து வந்தான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ட்ரோன் மேலேயிருந்து இறங்கும்போது நான் அண்ணாந்து பார்த்துக் கூலிங் கிளாஸைக் கழற்ற வேண்டும் என்பது வரை பேசி முடித்துவிட்டோம். முக்கால் மணி நேரப் பேச்சில் அந்த ஆள் அவளிடம் சொன்னது ஒரே ஒரு வார்த்தை: “மேடம், கன்னத்தை எடிட்டிங்ல கொஞ்சம் கொறைச்சிடலாம்.”

வெளியே வந்ததும், “எனக்கு இவர் வேண்டாம்” என்றாள்.

அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூரில், அவள் தோழி சொன்ன ஓர் ஆள். வீட்டு முன்னறையில் ஒரு மேசை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. என் வயதுதான் இருக்கும். உட்கார்ந்த உடனே ட்ரோன் உண்டா என்று கேட்டேன்.

“மண்டபத்துக்குள்ள எதுக்குண்ணே? ஃபேன்ல அடிபட்டு யாரு தலையிலயாவது விழும்” என்றார்.

என் முகம் விழுந்துவிட்டது. அவரோ அவள் பக்கம் திரும்பி ஒவ்வொன்றாக விசாரிக்க ஆரம்பித்தார். யாரோடு கட்டாயம் படம் வேண்டும், யார் பக்கத்தில் நிற்பது சங்கடம், கூட்டம் என்றால் பயமா? கடைசியாக, “அன்னைக்கு எத்தன மணிக்குக்கா சாப்பிடுவீங்க?” என்றார். “முக்காவாசிக் கல்யாணத்துல பொண்ணுக்குச் சோறு கெடைக்கிறதில்ல. பசியோட சிரிச்சா போட்டோவுல தெரிஞ்சுபோகும்.”

அவள் செத்த நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு, என் அத்தைமாருக்குக்கூடத் தெரியாத விஷயத்தை, பார்த்துப் பத்து நிமிடமே ஆன அந்த மனிதரிடம் சொன்னாள்.

அவர் உச்சுக் கொட்டவில்லை. “சர்க்கரை எறங்கி மேலுக்கு முடியலன்னா எனக்கு எப்படித் தெரியும்?” என்று மட்டும் கேட்டார்.

“மேலுதட்டுல வேர்க்கும். பேச்சு கொறஞ்சுரும். என்னாச்சுன்னு கேட்டா நல்லாத்தான் இருக்கேம்பேன். நம்பாதீங்க.”

இதெல்லாம் என் காதிலும் விழுந்தது. கண் மட்டும் போனில் ட்ரோன் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தது. ட்ரோன் போன துக்கத்தோடு அவருக்கே சம்மதித்தேன்.

காலை முகூர்த்தம் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. மாலையில் ராஜபாளையம் மண்டபத்தில் மணமகள் அறையில் அவள் ஊசியைப் போட்டுக்கொண்டு, இட்லித் தட்டை மடியில் வைத்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்து எங்கள் மில் மேனேஜர் குடும்பத்தோடு வந்துவிட்டார். அடுத்து வேறு விசேஷத்துக்குப் போகவேண்டுமாம். நான் கோட்டும் சூட்டுமாக ஓடினேன்.

“ஒரே ஒரு போட்டோ. வா.”

“ஊசி போட்டாச்சுங்க. ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு வாரேன்.”

“செத்த நேரந்தான். மேனேஜர் நிக்காரு. பொறவு நிம்மதியா உக்காந்து சாப்பிடு.”

தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். மேனேஜர் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் பொண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் நிற்பதைப் பார்த்த மண்டபம் சும்மா இருக்குமா? மொத்தமாக எழுந்து வந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மேடை ஏறிப் படம் எடுக்காமல் போனால் வந்த கணக்கிலேயே சேராது. வரிசை படியிறங்கி, நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு, பந்தி நடக்கிற வாசல் வரை போனது. நான் எல்லோருக்கும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்துக்கு மேலேயே ஓடிவிட்டது. பக்கத்தில் நிற்பவள் சாப்பிடவில்லை என்பது சுத்தமாக மறந்துவிட்டது.

திடீரென்று போட்டோகிராபர் கேமராவை இறக்கினார். விளக்கையும் அணைத்தார்.

“பேட்டரி போயிருச்சு! பத்து நிமிசம் ஆகும். எல்லாரும் ஒரு எட்டுச் சாப்பிட்டு வந்துருங்க” என்று சத்தமாகச் சொன்னார்.

வரிசையில் ஒரே முணுமுணுப்பு. முன்னால் நின்ற என் தாய்மாமா விடுவாரா? “ஏலே மருமகனே, கேமராவுக்குக் கஞ்சி ஊத்தாமலேயா கூட்டியாந்த?” என்றார். கூட்டம் சிரித்தது. எனக்கு மானம் போய்விட்டது. அத்தனை பேர் முன்னாலும், “ஒரு பேட்டரியக்கூட ஒழுங்கா கொண்டு வரத் தெரியாதாய்யா உமக்கு? இதுக்குத்தான் அந்த ஸ்டூடியோவப் பிடிச்சிருக்கணும்” என்று கத்தினேன்.

அவர் என் டையைச் சரிசெய்கிற மாதிரி பக்கத்தில் வந்து, “அண்ணே, அக்காவ உள்ள கூட்டிட்டுப் போங்க. அவியளுக்கு வேர்க்குது” என்றார்.

“இந்தக் கோட்டுக்குள்ள எனக்குந்தான் வேர்க்குது” என்றேன். இப்போது எழுதும்போதுகூட எனக்கு நானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

“அண்ணே, அவிய சாப்பிடவே இல்ல.”

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். மேக்கப்பை மீறி மேலுதடு முழுக்க முத்து முத்தாக வேர்வை. மாலையைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின. என்னைப் பார்த்தாள், ஆனால் பார்வை எனக்குப் பின்னால் எங்கோ போனது.

“என்ன செய்யுது?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

கைத்தாங்கலாக அறைக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தேன். அவளுடைய குளுக்கோஸ் இருந்த பையை யாரோ காரில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் வெளியே ஓடி, சீர்த்தட்டில் இருந்த அரைக் கிலோ பால்கோவாவைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதற்குள் போட்டோகிராபர் தன் கேமராப் பையைத் திறந்து, லென்சுகளுக்கு நடுவிலிருந்து ஒரு மாம்பழ ஜூஸ் டப்பாவை எடுத்து, ஸ்ட்ரா குத்தி அவள் கையில் கொடுத்திருந்தார். காலையிலிருந்து அது அந்தப் பையிலேயே இருந்திருக்கிறது.

அவள் உறிஞ்சி முடிப்பதற்குள் நான் வேண்டாத சாமி இல்லை. பத்து நிமிடமா, கால் மணி நேரமா, தெரியாது. மெல்ல மெல்ல முகம் தெளிந்தது. நடுக்கம் நின்றது. என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்து, “இத எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க? பால்கோவா மெதுவாத்தான் ஏறும்” என்றாள். அவள் என்னைக் கேலி செய்தபோது எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, தாலி கட்டியபோதுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை. நாலு இட்லி சாப்பிட்டாள். ஒவ்வொரு வாயையும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மன்னிப்புக் கேட்க வெளியே வந்தால், தாய்மாமா போட்டோகிராபரை இன்னும் விடவில்லை. தை மாதம் தன் மகள் கல்யாணத்துக்கு அவரிடம் பேசிவைத்திருந்தாராம். இனி வர வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். “சரிங்கய்யா, என் தப்புதான்” என்று அவரும் தலையாட்டினார். நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். பிறகு கேமராவைத் தூக்கி, “பேட்டரி வந்துருச்சு, எல்லாரும் வாங்க!” என்றார்.

அன்று ராத்திரியே நான் இதை மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துத் தாய்மாமா வீட்டில் விருந்து. இலையில் உட்கார்ந்ததும் அவர் பேட்டரிக் கதையை மறுபடியும் எடுத்தார். என் மனைவி கையை இலையில் வைத்தபடியே, “மாமா, பேட்டரி தீரல. எனக்குத்தான் தீந்துச்சு” என்று ஆரம்பித்து, பத்து வயதிலிருந்து போடுகிற ஊசி வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் அடுத்து வரப்போகிற உச்சுச் சத்தத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாமா அடுப்படிப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எனக்கும் இருக்கு தாயி, ஏழு வருசமா. ஒங்க அத்தைக்குத் தெரியாம மாத்திரைய செருப்பு ஸ்டாண்டுல வச்சிருக்கேன்” என்றார்.

“எதுல வச்சிருக்கீக?” என்று அடுப்படியிலிருந்து அத்தை குரல் வந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை எழுதினால் தனிக் கதையாகிவிடும். சாப்பிட்டுக் கை கழுவியதும் மாமா செய்த முதல் வேலை, போட்டோகிராபருக்குப் போன் போட்டதுதான். “தம்பி, தைக்கு வந்துருங்க. எம்புட்டு நேரம் வேணாலும் பேட்டரி போகட்டும்” என்றார்.

இப்போது மில்லில் யாராவது, கல்யாணத்துக்கு நல்ல போட்டோகிராபர் சொல்லு என்று கேட்டால், ஆல்பத்தை அப்புறம் பாருங்கள், அந்த ஆள் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று முதலில் பாருங்கள் என்கிறேன். அன்று அந்த மனிதர் கேமராவை இறக்காமல் இருந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம், என் மனைவி சாப்பிட்டாளா என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறேன். பக்கத்து அறையில் என்னைக் கேலி செய்யும் அவள் குரல் கேட்டதும், பார்த்துக்கொள்கிறேன் என்று வாயால் சொன்னவன் நான், கண்ணால் பார்த்துக்கொண்டவர் அவர் என்று ஒரு பெருமூச்சு வந்து மனசு அடங்குகிறது.