வெள்ளைப் பசையும் தலந்தாவும்

ஸ்ஃபாக்ஸ் நகரில், கிரெம்தா சாலையோரம் ஆலிவ் எண்ணெய்த் தொட்டிகள் செய்யும் பட்டறையில் தலந்தாவைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. நாற்பத்து மூன்று வயது, அதிர்ந்து பேசாத சுபாவம். தினமும் காலையில் அவள் தன் ரப்பர் கையுறைகளுக்குள் காற்றை அடைத்து, வாயை முறுக்கிப் பிடித்து, வாளித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பாள்.

"பிள்ளைகளைக் குளிப்பாட்டியாச்சா அக்கா? பவுடர் போடலையா?" என்பான் வெல்டர் லசாத்.

"சிரிடா சிரி. உனக்குப் பத்து விரலும் பத்திரமா இருக்கு, சிரிப்பு வருது."

வெல்டிங் போட்ட இடங்கள் கறுத்துப் போயிருக்கும். அங்கே அவள் தூரிகையால் வெள்ளைப் பசையைத் தடவுவாள். அரைமணி நேரம் கழித்துக் குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவினால் எஃகு பளபளவென்று வந்துவிடும். அந்தப் பசைக்குள் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருந்தது. மற்ற அமிலம் பட்டால் சுரீரென்று எரியும், உடனே கையை உதறிவிடலாம். இது அப்படியல்ல. சத்தமில்லாமல் தோலுக்குள் இறங்கி, பல மணி நேரம் கழித்து எலும்பைப் பிடிக்கும்.

அவளுக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர் ஃபெர்ஜானி. ஒருநாள் கையுறையில் ஊசிமுனை அளவு ஓட்டை. விரலில் ஈரம் பட்டதுபோல இருக்க, கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, ஹரிசா மிளகாய் விழுது தடவிய ரொட்டியைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார். பொழுது சாய்ந்ததும் வலி தாங்காமல் கையைச் சுவரில் மோதிக்கொண்டு அலறினாராம். மோதிர விரலை அடியோடு எடுத்துவிட்டார்கள். இப்போது பேருந்து நிலையத்தருகே சூரியகாந்தி விதை விற்கிறார். தூரத்தில் அவரைக் கண்டாலே தலந்தா சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவாள். அந்தக் கையைப் பார்க்கும் துணிச்சல் அவளுக்கு இல்லை.

அது அக்டோபர் மாதம். ஆலிவ் அறுவடைக்கு முன்னால் தொட்டிகளை முடித்தாக வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். தலந்தா மூன்றாவது தொட்டிக்குப் பசை தடவிவிட்டு, தண்ணீர்க் குழாய் எங்கோ மடங்கிக் கிடந்ததால் கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டு அதை நிமிர்த்தப் போனாள். திரும்பிப் பார்த்தபோது முதலாளி ஹாஜி முக்தார், மஹ்ரெஸ் ஊர் வாடிக்கையாளர் ஒருவரோடு தொட்டியருகே நின்றிருந்தார்.

"என்ன வேலைப்பாடு பாருங்க, ஒட்டுப் போட்ட தடமே தெரியாது" என்று சொல்லிக்கொண்டே, அவர் பசை தடவிய இடத்தில் கட்டைவிரலை நீளமாக ஓட்டினார்.

தலந்தா வெறுங்கையோடு ஓடி, அவர் மணிக்கட்டைப் பற்றி இழுத்துக் குழாயடியில் நீட்டினாள்.

"ஏய், விடும்மா! ஆள் இருக்காங்க, என்ன இது?"

"பேசாம நில்லுங்க ஹாஜி! விரலை எடுக்காதீங்க!"

"எனக்கு வலிக்கவே இல்லையே!"

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு!"

அப்போதுதான் கவனித்தாள். அவருடைய விரலிலிருந்த பசை அவளுடைய உள்ளங்கையிலும் அப்பியிருந்தது. அவர் கையையும் தன் கையையும் ஒரே தண்ணீரில் வைத்தாள். லசாத்தைக் கூப்பிட்டு, முதலுதவிப் பெட்டியிலிருந்து, அந்த அமிலத்தை முறிக்கும் கால்சியம் களிம்பையும் புதுக் கையுறையையும் எடுத்து வரச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை, ஓடினான். கையுறையை மாட்டிக்கொண்டு, களிம்பு நகத்தடியில் இறங்கும்வரை அவருக்குத் தேய்த்துவிட்டாள், தன் உள்ளங்கையிலும் அழுத்தித் தடவிக்கொண்டாள். பசை வந்த டப்பாவின் எச்சரிக்கைத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவரோடு வண்டியில் ஏறினாள்.

மருத்துவமனையில் நர்ஸ் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சிவப்புகூட இல்லையே! பஞ்சு வச்சுக் கட்டி அனுப்பிடலாம்."

"இதைப் படிங்கம்மா" என்று தலந்தா தாளை நீட்டினாள். "டாக்டரைக் கூப்பிடுங்க. வலி வர்ற வரைக்கும் காத்திருந்தா விரல் போயிடும்."

தாளைப் படித்த டாக்டர் முகம் மாறியது. அந்த அமிலம் இதயத்தையும் பாதிக்கும் என்பதால் ஹாஜியைப் படுக்க வைத்து, நெஞ்சில் இதயத்துடிப்புக் கருவியின் ஒயர்களை ஒட்டினார்கள். தலந்தாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்து, களிம்பை விடாமல் தேய்க்கச் சொன்னார்கள். அவள் தேய்த்தாள். உள்ளங்கையில் லேசாக அரித்தாலும் போச்சு என்று நினைத்தாள். ஃபெர்ஜானிக்கும் இப்படித்தானே ஒன்றுமே தெரியாமல் இருந்திருக்கும்? விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள், மறுபடி மடக்கிப் பார்த்தாள்.

சாயங்காலம் அறைக்குள்ளிருந்து ஹாஜியின் அலறல் கேட்டது. தலந்தா காதைப் பொத்திக்கொண்டாள். விரலைச் சுற்றிக் கால்சியம் ஊசி போட்ட பிறகுதான் அந்தச் சத்தம் அடங்கியது.

அவளுடைய கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு நகம் கறுத்து விழுந்தது, விரல் பிழைத்தது. பத்து நாள் கழித்துக் கட்டோடு பட்டறைக்கு வந்தவர், எல்லோர் முன்னிலும் அவளை வாயாரப் புகழ்ந்தார். அவளால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"ஹாஜி, பசை தடவினதும் யாரும் கிட்ட வராம குறுக்கே சங்கிலி மாட்டணும். அன்னிக்கு நான் மாட்டல. அவசரத்துல மறந்துட்டேன்."

"அவசரப்படுத்தினது யாரு? நான்தானே."

"வேற யாரையாவது வச்சுக்குங்க. எனக்குக் கை நடுங்குது."

"நடுங்காதவனை வச்சா நாளைக்கு யார் விரல் போகும்னு தெரியாதும்மா. உனக்கு என்ன வேணும், சொல்லு."

தொட்டியருகிலேயே தனிக் குழாய், கூட ஓர் ஆள், அவள் சொல்லாமல் முதலாளியே ஆனாலும் உள்ளே வரக்கூடாது என்று கேட்டாள். மூன்றுக்கும் தலையாட்டினார். குழாய் பொருத்தி முடிக்க நான்கு நாள் ஆனது. அதுவரை அவள் பசை டப்பாவைத் தொடவே இல்லை. மீதித் தொட்டிகள் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தன. அதற்காக யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.