கிளவுஸ் தேவையில்லாத ஆட்டக்காரர்

தோற்கிற அணியைக் கட்டிக்கொண்டு மாரடிப்பதைப் போலக் களைப்பான வேலை வேறில்லை. பத்து வயதிலேயே எனக்கு அந்தக் களைப்பு வந்துவிட்டது. அப்பா வேலை செய்த பிளாஸ்டிக் வாளி பக்டரிக்கு ஒரு பேஸ்போல் அணி இருந்தது. கோடை முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாங்கள் குடியேறிய டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னாலிருந்த மைதானத்தில், அந்த அணி வேறு பக்டரிகளோடு விளையாடித் தோற்கும். நான் புல்லில் உட்கார்ந்து பார்ப்பேன். பிறகு வீட்டுக்கு வந்து, அம்மா கேட்காமலேயே "தோத்திட்டம்" என்பேன். அம்மாவும் "ம்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் வெட்டுவார்.

பக்டரிக்கு முதலாளிமார் இரண்டு பேர், அண்ணனும் தம்பியும். அணி வைத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ள இருவருக்கும் ஆசை. அதற்குச் செலவழிக்கத்தான் மனம் வராது. எங்கோ கலைந்துபோன ஒரு அணியின் சட்டைகளை மலிவாக வாங்கியிருந்தார்கள். அதில் ஏழாம் இலக்கம் இரண்டு பேருக்கு இருந்தது, நான்காம் இலக்கம் யாருக்குமே இல்லை. பந்து பிய்ந்தால் பக்டரியில் பெட்டி ஒட்டுகிற டேப்பைச் சுற்றுவார்கள். கையில் போடுகிற கிளவுஸ் எல்லோருக்கும் போதாது. எதிரணி பந்து பிடிக்கிற முறையை முடித்து அடிக்க வரும்போது எங்கள் ஆட்கள் மைதான ஓரத்தில் நின்று அவர்களுடைய கிளவுஸை இரவல் கேட்பார்கள். அந்த வெட்கத்தில் நான் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருப்பேன்.

அப்பா அணியில் சேர்ந்ததற்கும் கிளவுஸ்தான் காரணம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரோ எறிந்த பந்தை அவர் வெறுங்கையால் பிடித்ததை மூத்த முதலாளி பார்த்துவிட்டாராம். அப்பா யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்குக் கிரிக்கெட் விளையாடியவர். கிளவுஸ் தேவையில்லாத ஆட்டக்காரர் ஒருவர் சும்மா கிடைத்தால் எந்தக் கஞ்சன் விடுவான்? ஞாயிறு இரவுகளில் அப்பாவின் உள்ளங்கை வீங்கியிருக்கும். அம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பார்.

"ஒரு கிளவுஸ் வாங்கித் தராத மனிசருக்காக ஏன் கையை உடைக்கிறியள்?"

"சும்மா இரும். கூப்பிட்டால் போகத்தானே வேணும்."

போகத்தான் வேண்டும். அந்த பக்டரியில் பனிக்காலம் வந்தால் ஆட்களை நிறுத்துவார்கள், லே-ஓஃப் என்பார்கள். அவர் அணியில் சேர்வதற்கு முந்தைய பனிக்காலத்தில் அப்பாவை நிறுத்தியபோது, அம்மா விடியற்காலையில் பஸ் ஏறி, ஆட்கள் வேலைக்கு வரமுன் கந்தோர்களில் தரை துடைக்கப் போனார். நாங்கள் யாரும் அந்தப் பனிக்காலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. மரத்தில் ஒரு இலை நிறம் மாறினாலும் அம்மாவின் முகம் சுருங்கும்.

முதல் கோடையில் அப்பா செய்த கூத்தையும் சொல்லவேண்டும். பேஸ்போலில் பந்தை அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, தரையில் வைத்திருக்கும் பேஸ் என்கிற சதுரத்துக்கு ஓடவேண்டும். அப்பா மட்டையோடு ஓடினார். ஓடியவர், கிரிக்கெட்டில் கோட்டுக்குள் மட்டையை நீட்டி வைப்பதுபோல, பேஸின் மேல் மட்டையை நீட்டி வைத்துவிட்டு நிம்மதியாக நின்றார். அங்கே மட்டை பட்டுப் பயனில்லை, கால் படவேண்டும். மைதானமே சிரித்தது. அணியில் இருந்த ஜமேக்காக்கார டிரக் டிரைவர்தான் சிரிக்காமல் வந்து, மட்டையைப் போடு, ஓடு, காலை வை என்று ஒரு மாலை முழுவதும் சொல்லிக்கொடுத்தார். அந்த நாட்டிலும் கிரிக்கெட்தான், அவருக்கு அந்தத் தவறு விளங்கியது. அடுத்த கோடைக்குள் அப்பா தேறிவிட்டார். மட்டை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கமாகப் பறப்பார்.

மூன்றாவது கோடையில் எங்கள் அணி வெல்லத் தொடங்கியது. டிரைவர் அடித்த பந்துகள் வேலிக்கு அப்பால் போய் விழுந்தன. முதலாளிமார் அந்தப் பந்துகளைத் தேடி எடுக்க ஆள் அனுப்பினார்கள். டிரைவரின் மகள் என் வகுப்புக்காரி. நாங்கள் இருவரும் தொண்டை கட்டுமட்டும் கத்தினோம். கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தையும் வென்றால் பக்கத்து நகரமான விட்பியில் நடக்கும் பெரிய சுற்றுக்குப் போகலாம் என்றார்கள். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கமுன் மூத்த முதலாளி அப்பாவைத் தன் காரடிக்குக் கூப்பிட்டுப் பேசினார். அப்பா தலையாட்டிக்கொண்டு நின்றார். எப்படி அடிப்பது என்று யோசனை சொல்கிறார் என்று நினைத்தேன். கஞ்சனாக இருந்தாலும் அணியில் அக்கறை உள்ளவர்தான் என்று அவர்மேல் எனக்கு ஒரு மரியாதைகூட வந்தது.

கடைசிக் கட்டத்தில் எங்களுக்கு ஒரு ஓட்டம் குறைவு. டிரைவரும் இன்னொருவரும் பேஸ்களில் ஓடுவதற்குத் தயாராக நின்றார்கள். அப்பா அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. அப்பா அடித்தார். பந்து ஆளில்லாத பக்கமாக உருண்டு போனது. டிரைவர் ஓடி வந்து சேர்ந்தார், மற்றவரும் வந்து சேர்ந்தார். நானும் டிரைவரின் மகளும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். அப்போதுதான் அப்பாவைப் பார்த்தேன். மட்டையை இறுக்கிப் பிடித்தபடி ஓடிக்கொண்டிருந்தார். பேஸுக்கு எட்டத்தில் குனிந்து, மட்டையை அதன்மேல் நீட்டி வைத்துவிட்டு நின்றார். பந்து அவசரமில்லாமல் ஆறுதலாக வந்து சேர்ந்தது. அவர் அவுட், அடித்தவர் பேஸைத் தொடாமல் கடைசி ஆளாக அவுட்டானால் மற்ற இருவரின் ஓட்டமும் செல்லாது.

யாரும் கோபிக்கவில்லை. பாவம், கிரிக்கெட்காரன், பதற்றத்தில் மறந்துபோனான் என்று முதுகில் தட்டினார்கள். டிரைவர் மட்டும் அப்பாவின் கையிலிருந்த மட்டையையும் அப்பாவையும் பார்த்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு நடக்கும்போது நான் அழுதுகொண்டே கேட்டேன். "ஏனப்பா மட்டையைக் கொண்டு ஓடினனீங்கள்?"

"பழக்கதோஷம், பிள்ளை."

அதை நம்பினேன். கிழமைக்கணக்கில் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

காரடியில் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கல்யாணமான பிறகுதான் அப்பா சொன்னார். தோற்கச் சொல்லி முதலாளி சொல்லவேயில்லையாம். விட்பிக்குப் போனால் சனிக்கிழமைகளில் மெஷினை நிறுத்தவேண்டும், பஸ் பிடிக்கவேண்டும், எல்லோருக்கும் புதுச் சட்டை கேட்பார்கள் என்று அலுத்துக்கொண்டாராம். பிறகு, இந்தப் பனிக்கு யாரை வைத்திருப்பது என்று இன்னும் முடிவெடுக்கவில்லை என்றாராம். அவ்வளவுதான்.

அந்த வருஷம் முதல் பனி விழுந்த கிழமையில் டிரைவரை நிறுத்தினார்கள். அப்பாவை நிறுத்தவில்லை. டிரைவரின் மகள் மோர்னிங்சைட் பக்கம் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். அப்பாவை நிறுத்தவில்லை என்று தெரிந்த அன்று பின்னேரம் அம்மா சாமிப் படத்துக்கு விளக்கேற்றி, கஜு நிறையப் போட்டுச் சவ்வரிசிப் பாயாசம் காய்ச்சினார். அதற்குமுன் அந்த வீட்டில் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்பா கிண்ணத்தைக் கையில் வாங்கி, திரும்ப மேசையில் வைத்துவிட்டு, "எனக்கு வேண்டாம். பிள்ளைக்குக் குடும்" என்று எழுந்து போனார். அவருக்கு இனிப்பு பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, அதையும் நானே குடித்து முடித்தேன்.