விரித்த கூந்தலும் கெளுத்தி முள்ளும்

குணசுந்தரியின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. யாராவது கேட்டால், "கெளுத்தி குத்திச்சி, வுடு" என்று முடித்துவிடுவாள். பழவேற்காடு ஏரியில் இறங்குகிற யாருக்கும் கெளுத்தி முள் புதிதில்லை, அதனால் மேலே கேட்கமாட்டார்கள். அந்த முள்ளை ஏரியிலிருந்து கூத்துக் களத்துக்குக் கொண்டுவந்தது யார் என்று அவள் சொல்வதேயில்லை. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, நான் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு இரண்டு பெண்களுக்கும் நடுவில் மல்லாந்து கிடந்த பிணம் நான்தான்.

என் பெயர் லோகநாதன். மற்ற நாளில் நண்டு வலை, திருவிழா வந்தால் துரியோதனன் வேஷம்.

குணசுந்தரிக்கு வலையெல்லாம் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குந்திக்கொண்டு, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் எடுப்பாள். எடுத்ததைப் போட ஒரு பனையோலைப் பறி. இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் பறியைப் பல்லால்தான் கவ்விக்கொள்ள வேண்டும். கெளுத்தி குத்தினாலும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் பறி நழுவி, பிடித்ததெல்லாம் ஏரிக்கே திரும்பிப் போய்விடும். பாவாடை கட்டிய வயதிலேயே அவள் வலியை மூக்கால் விடப் பழகிவிட்டாள்.

எங்கள் கூத்து மன்றத்தில் அப்போதெல்லாம் ஆண்கள்தான் பெண் வேஷம் கட்டுவார்கள். திரௌபதி கட்டுகிறவர் காய்ச்சலில் படுத்துவிட்ட ஒரு வருஷம், வாத்தியார் சம்பந்தம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். குணசுந்தரி நேராகப் போய், "நான் கட்டுறேன் வாத்தியாரே, பாட்டெல்லாம் தெரியும்" என்றாள். கட்டினாள். தொடைவரை தொங்கும் சொந்த முடி, டோப்பா தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு வேறு யாரையும் திரௌபதியாகப் பார்க்க ஊருக்கு மனசு வரவில்லை.

எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சூதாட்டக் கூத்தன்று திரௌபதி கூந்தலை விரித்தால், துரியோதனன் சாகிற படுகளத்து நாள்வரை வீட்டிலும் தெருவிலும் விரித்த தலையோடுதான் திரிய வேண்டும். படுகளத்தன்று காலையில், மண்ணால் செய்த துரியோதனன்மேல் ஏறி நின்று, ரத்தம் பூசிக் கூந்தலை முடிய வேண்டும். அதுவரை எந்தப் படகும் ஏரிக்குள் இறங்காது. அள்ளி முடியாமல் விரித்த தலையோடு களத்தைவிட்டு இறங்கினால் அந்த வேஷம் அவளுக்கு அதோடு சரி. அடுத்தவளுக்குப் போய்விடும்.

அந்த அடுத்தவள்தான் ஜமுனா. அனுப்பம்பட்டில் நெல் விளைவிக்கிற குடும்பத்துப் பெண். பொன்னேரியில் நாடகக் குழுவில் பாடிப் பழகியவள். குரல் என்று எடுத்துக்கொண்டால் ஜமுனாதான் ஒரு படி மேல், அதை மறைக்கமாட்டேன். திரௌபதிக்கு ஆசைப்பட்டு வந்தவளுக்கு வாத்தியார் பெருந்திருவாள் வேஷத்தைக் கொடுத்தார். பெருந்திருவாள் என்றால் துரியோதனன் பெண்டாட்டி. என்னோடு வாழ்ந்த அந்த வாழ்க்கை ஜமுனாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

சுண்ணாம்புக்குளத்தில் ஒரு கூத்து. குணசுந்தரி மேடையேறுவதற்குள் ஜமுனா திரைக்குப் பின்னாலிருந்து திரௌபதியின் பாட்டை எடுத்துவிட்டாள். கூட்டம் கைதட்டியது. குணசுந்தரி திரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய் விட்ட அறையில் ஜமுனாவின் மூக்குத்தி மூக்கைக் கிழித்தது. ஜமுனா அழவில்லை, வழிந்த ரத்தத்தைத் துடைக்கவுமில்லை. அடுத்த கூத்தில், துகில் உரியும் நேரத்தில் குணசுந்தரியின் புடவைக்குள் போட்டிருந்த முடிச்சுகள் அவிழ்த்துவிடப்பட்டிருந்தன. ஊரே பார்க்க உள்பாவாடையோடு நின்றாள். அப்படியே நின்று பாட்டைப் பாடி முடித்தாள். எனக்கு மானம் போனது போல இருந்தது. ஜமுனா ஓரமாக நின்று சிரித்தாள்.

படுகளம் வந்தது. பீமன் தொடையில் அடித்தான், மண்ணுக்குள் புதைத்திருந்த பானை உடைந்து குங்குமத் தண்ணீர் ஓடியது. நான் மண் துரியோதனன் மார்பில் செத்துக் கிடந்தேன். அடுத்து பெருந்திருவாள் துடைப்பத்தோடு வந்து, புருஷன் உடம்பைத் தொடவிடாமல் திரௌபதியை அடிப்பாள். ஒப்புக்கு முதுகில் தட்டிவிட்டு அழுது விழ வேண்டும். அவ்வளவுதான் வழக்கம்.

அன்றைக்கு விழுந்த முதல் அடியின் சத்தமே வேறாக இருந்தது. ஒரு கண்ணை லேசாகத் திறந்தேன். தென்னந்துடைப்பத்தின் ஈர்க்குகளுக்கு நடுவே கெளுத்தி முட்கள், வெள்ளை வெள்ளையாக, நூலால் கட்டப்பட்டிருந்தன. எழுந்து பிடுங்கியிருப்பேன். ஆனால் செத்தவன் எழுந்தால் திருவிழா கெட்டது.

மத்தளச் சத்தத்துக்குள் ஜமுனா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "எறங்கிப் போயிடுடி. எறங்கினா வுட்டுர்றேன்."

தோளில் ஓர் அடி, கன்னத்தில் ஓர் அடி, புருவத்துக்கு மேலே ஓர் அடி. கெளுத்தி முள் பட்டால் யாராக இருந்தாலும் அலறிக்கொண்டு ஓடுவார்கள் என்று ஜமுனா நினைத்திருந்தாள். அவள் பார்த்த கெளுத்தியெல்லாம் குழம்பில் கிடந்ததுதான். குணசுந்தரி விரித்த கூந்தலின் நுனியை எடுத்துப் பல்லில் கவ்விக்கொண்டாள், பறியைக் கவ்வுகிற மாதிரியே. வாய் திறக்கவில்லை. மூச்சு மட்டும் மூக்கில் சீறியது.

அப்புறம் வலது கையை நீட்டித் துடைப்பத்தை முள்ளோடு பிடித்து இழுத்தாள். ஜமுனா என் வயிற்றின்மேல் குப்புற விழுந்தாள். அவள் முதுகில் குணசுந்தரி முழங்காலை ஊன்றினாள். என் நெஞ்சில் ஏதோ சொட்டியது. குங்குமத் தண்ணீர் சூடாக இருக்காது.

என் நெஞ்சிலிருந்த தன் ரத்தத்தையே வழித்துத் தலையில் பூசிக்கொண்டாள். கூட்டம் "தாயே!" என்று கதறியது. முடியைச் சுருட்டினாள், நழுவியது. மறுபடி சுருட்டினாள். முள் ஏறிய கை அதற்குள் புசுபுசுவென்று வீங்கி, விரல் மடங்கவில்லை. ஒற்றைக் கையால் அவ்வளவு முடியை முடிய முடியுமா? களத்தில் வேறு யாரும் கால் வைக்கக் கூடாது. கரையில் படகுக்காரர்கள் காத்து நின்றார்கள். "முடி தாயே, முடி!" என்று சம்பந்தம் தொண்டை கிழியக் கத்தினார்.

கீழே கிடந்த ஜமுனா சிரித்தாள். "கட்டு பாக்கலாம்."

குணசுந்தரி இடது கையால் அவள் பிடரியைப் பற்றித் தூக்கினாள். தன் வலது உள்ளங்கையில் முள்ளோடு ஒட்டிக்கொண்டிருந்த துடைப்பத்தை அவள் கண்ணுக்குக் கீழே வைத்தாள்.

"நீ கட்டுடி."

"மாட்டேன். இன்னா பண்ணுவ?"

அழுத்தினாள். ஒரே ஒரு முள்தான் இறங்கியிருக்கும். ஜமுனா போட்ட அலறலில் மத்தளம் நின்றுவிட்டது. அலறிக்கொண்டே, மூக்கு ஒழுக, இரண்டு கையாலும் குணசுந்தரியின் தலையை அள்ளி முடிந்தாள்.

துரியோதனன் பெண்டாட்டியே திரௌபதிக்குக் கூந்தல் முடிந்ததை எந்தக் கூத்திலும் யாரும் பார்த்ததில்லை. பெண்கள் குலவையிட்டு அழுதார்கள். சம்பந்தம் திகைத்துப்போய், பிறகு சுதாரித்துக்கொண்டு மங்களம் பாடினார். படகுகள் இறங்கின. இருவரையும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏற்றி பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

அந்த இரண்டு விரல்களும் மறுபடி மடங்கவில்லை. குணசுந்தரி இப்போது ஏரியில் இறங்குவதில்லை, ஏலக் கூடத்தில் உட்கார்ந்து இறால் தரம் பிரிக்கிறாள். தாங்காமல் ஒரு நாள் கேட்டுவிட்டேன்: "ஒரு வேஷத்துக்காக கையக் குடுத்துட்டியேம்மா?"

"ஏரி போச்சுண்ணே. திரௌபதி போகலையே."

மறுவருஷம் ஊர் கூடிச் சொல்லிவிட்டது: பெருந்திருவாள்தான் கூந்தலை முடிய வேண்டும், இல்லாவிட்டால் படகு இறங்காது. சாமி காரியம் என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். ஜமுனாவும் வருஷம் தவறாமல் வருகிறாள், கன்னத்தில் அந்தத் தழும்போடு. தோல் உரிகிற மாதிரி இழுத்துத்தான் முடிகிறாள். குணசுந்தரி முடி நுனியைக் கவ்விக்கொண்டு வாய் திறக்காமல் நிற்கிறாள்.

இந்த வருஷம் ஜமுனா கூந்தலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா நின்றாள். மத்தளம் அதே தாளத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. குனிந்து, எனக்குக் கேட்கும்படியே சொன்னாள்: "இப்டியே வுட்டுட்டு எறங்கிப் போயிடட்டுமா?"

குணசுந்தரி பல்லைத் திறக்காமலே சொன்னாள்: "போ. அடுத்த வருசம் நீ திரௌபதி. உன் கூந்தல யாரு முடிவா?"

ஜமுனாவின் கண்ணீர் என் நெஞ்சில் விழுந்தது. அதுவும் சூடாகத்தான் இருந்தது. பிறகு முடிந்தாள்.