இருக்கைக்கு அடியில் ஒரு செருப்புத் துண்டு

மன்னார்ப் பேசாலையில் படகுகள் வைத்திருந்த சம்மாட்டி மரியானுக்கு ஐந்து பிள்ளைகள். மூத்தவர் யோன், கடைசி அன்னமலர். நடுவில் பிறந்த மூவரில் ஒருவர் கனடாவில், ஒருவர் மன்னாரில், ஒருவர் இப்போது இல்லை. மூத்ததும் கடைசியும்தான் மெல்பேர்னுக்கு வந்து, கிரான்பர்னில் இரண்டு தெரு இடைவெளியில் வீடு எடுத்துக்கொண்டார்கள். அன்னமலரைக் கட்டியவர் கிறிஸ்ரியன். மன்னார்க் கச்சேரியில் அரசாங்கக் கிளாக்கராக இருந்தவர். மெல்லப் பேசுகிற மனிதர்.

அந்தச் சம்பந்தம் பேசி வந்தபோது யோன் ஒரு சொல் சொன்னார்: "கை பழகாத மனுசன்." சொல்லி இருபத்தெட்டு வருடமாகிவிட்டது. கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்து ஆளானார்கள். யோன் குடும்பம் இங்கே வந்திறங்கியபோது முதல் எட்டு மாதமும் அந்தக் கிறிஸ்ரியன் வீட்டு முன்னறையில்தான் படுத்தெழும்பியது. ஆனாலும் அந்தச் சொல் யோனின் நாவை விட்டுப் போகவில்லை. மச்சான் ஒரு பல்ப் மாற்றக் கதிரையில் ஏறினாலும் போதும், அது வந்துவிடும். கிறிஸ்ரியன் சிரித்துவிட்டுப் போவார்.

யோனுடையது பழகிய கைதான், அதில் பொய்யில்லை. பதினைந்து வயதில் படகு இஞ்சின் கழற்றிப் பூட்டியவர். இங்கே தொழிற்சாலையில் இருபது வருடம் மெசின்களோடு நின்று ஓய்வெடுத்தவர். யார் வீட்டுப் புல்வெட்டி நின்றாலும் அவருடைய கராஜுக்குத்தான் வரும்.

கிரான்பர்னுக்கு வெளியே மன்னார்க் குடும்பங்கள் சில சேர்ந்து ஒரு காணி வைத்திருக்கின்றன. ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் மாதா சுரூபம். ஒக்ரோபர் செபமாலை மாதம். கடைசி ஞாயிறு சுரூபத்தைத் தோளில் சுமந்து காணியைச் சுற்றி வருவார்கள். நேர்த்தி வைத்தவர்கள் வெறுங்காலோடு வருவார்கள். மழையும் வெயிலும் மாறி மாறி அடித்துப் புல் முழங்கால் மட்டும் ஏறுவதும் அந்த மாதம்தான். பாம்பு வெளிக்கிடுவதும் அப்போதுதான். அதனால் புல் வெட்டாமல் சுற்று இல்லை. வெட்டுவதற்கு ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற சின்னத் தோட்ட டிராக்டர் ஒன்று இருக்கிறது.

சுற்றுக்கு முதல்நாள் சனிக்கிழமை காலை அது கிளம்பவில்லை. இஞ்சின் திறப்பைப் போட்டுத் திருப்பினால் ஒரு முனகல்கூட இல்லை. கொட்டகைச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் பத்திநாதனும் இன்னும் ஏழெட்டுப் பேரும் சுற்றி நின்றார்கள். யோன் டிராக்டரைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்த்தார். கடைசியாக ஓட்டியது யார் என்று கேட்டார்.

"நான்தான் மச்சான், போன சனி," என்றார் கிறிஸ்ரியன். "நல்லாத்தான் ஓடினது."

"திறப்பை நிப்பாட்டாமல் இறங்கிப் போயிருப்பீர். பற்றரி செத்துப் போச்சு. கை பழகாத ஆக்களிட்டைக் குடுத்தால் இதுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். கிறிஸ்ரியன் நிப்பாட்டிய ஞாபகம் என்றுதான் முதலில் சொன்னார். பிறகு, இல்லை, விட்டிருப்பேன் போல என்றார். காரை எடுத்துப் போய்ப் புதுப் பற்றரி ஒன்றோடு வந்தார். யோன் பூட்டித் திறப்பைத் திருப்பினார். அதே மௌனம்.

அந்த இடத்திலாவது யோன் நிறுத்தியிருக்கலாம். பழைய பற்றரியைச் சோதித்தும் பார்க்காமல் சொல்லிவிட்டோமே என்று உள்ளே ஒன்று கடித்தது. ஆனால் எட்டுப் பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வெட்டி முடிந்ததும் தண்ணீர் அடித்துக் கழுவினீரா என்று மச்சானைக் கேட்டார். ஓம் என்றார் அவர். அப்படியென்றால் வயர் எரிந்துவிட்டது, வேறொன்றுமில்லை என்று தீர்ப்புச் சொன்னார் யோன். கிறிஸ்ரியன் தலையைக் குனிந்துகொண்டார். தேத்தண்ணி கொண்டுவந்த அன்னமலர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றவள், தட்டை அப்படியே கொண்டு திரும்பிப் போனாள்.

மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம், வயர் போகிற வழியைப் பிடித்துக்கொண்டு யோன் இருக்கையை நிமிர்த்தினார்.

கீழே கறுப்பாக ஒரு சின்னப் பொத்தான். ஆள் உட்கார்ந்தால் இருக்கை இறங்கி அதை அமுக்க வேண்டும், அமுக்கினால்தான் இஞ்சின் உயிர் பெறும். ஆள் விழுந்தால் புல் வெட்டும் அலகு நிற்பதற்காக வைத்தது. அதை அமுக்க விடாமல் இருக்கைக்கும் தகட்டுக்கும் நடுவில் தடித்த றப்பர்த் துண்டு ஒன்று கிடந்தது. நீலச் செருப்பில் வெட்டியது.

யோனுக்கு வெட்டிய கத்தி முதற்கொண்டு ஞாபகம் வந்தது. போன ஞாயிறு பூசை முடிந்து சும்மா ஏறி உட்கார்ந்து பார்த்தவர், இருக்கை ஆடுகிறதே என்று, கொட்டகை ஓரம் கிடந்த பழஞ்செருப்பு ஒன்றை வெட்டித் தாமே வைத்தார். படகில் ஆடுகிற எதற்கும் அப்படித்தான் செருப்பு வெட்டி வைப்பார்கள். ஆனால் ஆள் இருக்கிறதா, நிற்கிறதா என்று எந்தப் படகு இஞ்சினும் கேட்பதில்லை. இருக்கைக்கும் இஞ்சினுக்கும் ஒரு கதை இருக்கும் என்று அவர் நினைத்தும் பார்க்கவில்லை. காலை முழுக்க அந்தத் துண்டின்மேல் உட்கார்ந்துகொண்டுதான் மச்சானைக் குற்றம் சொல்லியிருக்கிறார்.

யாரும் பார்க்கவில்லை. துண்டை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார். ஏறி உட்கார்ந்து திறப்பைத் திருப்பினார். இஞ்சின் ஒரே உறுமலில் எழும்பியது.

ஓடி வந்தவர்கள் முதுகில் தட்டினார்கள். பத்திநாதன், இந்தக் கைக்கு மோதிரம் போட வேண்டும் என்றார். கிறிஸ்ரியன் கடைசியாக வந்தார்.

"குறை நினையாதேங்கோ மச்சான். இனித் தண்ணி அடிக்க மாட்டன்."

"சரி சரி, இனிக் கவனம்," என்றார் யோன்.

சொன்ன வாய் கசந்தது. பின்னேரம்வரை புல் வெட்டினார். ஒவ்வொரு திருப்பத்திலும் பைக்குள் இருந்த துண்டு தொடையில் குத்தியது. எடுத்து எறிந்திருக்கலாம். ஏனோ எறியவில்லை.

ஞாயிறு சுரூபம் தூக்கிய நால்வரில் கிறிஸ்ரியனும் ஒருவர், வெறுங்காலோடு. பின்னால் நடந்த யோனுக்குச் செபம் வாயில் ஓடவில்லை. முன்னால் வெட்டுப் புல்லில் பதிந்து பதிந்து போகிற அந்தப் பாதங்கள்தான் கண்ணில் நின்றன.

பிறகு மரத்தடியில் சாப்பாடு. நேற்று நின்றவர்கள் எல்லாம் ஒரே நீள மேசையில். கிறிஸ்ரியன் குழம்புக் கரண்டியைக் கை தவறி விட்டார்.

"அதையும் நிப்பாட்டாமல் விட்டிட்டார்," என்றார் பத்திநாதன். மேசை முழுதும் சிரித்தது. கிறிஸ்ரியனும் சிரித்தார். அன்னமலர் மட்டும் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தமையனை அவள் பார்க்கவில்லை.

யோன் பைக்குள் கையை விட்டுத் துண்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது சீற்றுக்குக் கீழை கிடந்தது. வைச்சது நான். பற்றரியிலையும் பிழையில்லை, தண்ணியிலையும் பிழையில்லை. நேற்றே கண்டனான். மறைச்சுப்போட்டன்."

சிரிப்பு அப்படியே நின்றது. பத்திநாதன் தண்ணீர்ப் போத்தலை எடுத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கிறிஸ்ரியன் துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இது என்ர செருப்பெல்லே," என்றார். "மற்றது காருக்குள்ளை கிடக்கு. ஒரு கிழமையாத் தேடுறன்."

யாரும் சிரிக்கவில்லை, அவரும்கூட. யோன் மன்னிப்பு என்ற சொல்லைத் தேடினார். இருபத்தெட்டு வருடமாக அந்த மனிதரிடம் சொல்லிப் பழகாத சொல், வாய்க்கு வரவில்லை.

எல்லோரும் போன பிறகு கிறிஸ்ரியன் டிராக்டரைக் கொட்டகைக்குள் விட்டார். யோன் பின்னால் போய் நின்றார். இறங்கிய கிறிஸ்ரியன் இருக்கையை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார், நிமிர்த்தினார், குனிந்து பார்த்தார்.

"மச்சான், அந்தச் சாவியை ஒருக்காத் தாங்கோ."

யோன் கருவிப் பெட்டியிலிருந்து பன்னிரண்டாம் நம்பர்ச் சாவியை எடுத்துக் கொடுத்தார். தளர்ந்திருந்த போல்ட் ஒன்றைக் கிறிஸ்ரியன் இரண்டு சுற்று இறுக்கினார். இருக்கையை மடித்துவிட்டு அமுக்கிப் பார்த்தார். அது ஆடவில்லை.

சாவியைத் துடைத்து நீட்டினார். யோன் அதை வாங்கிக்கொண்டார். மச்சானின் முகத்தைப் பார்க்க முடியாமல், சாவியைப் பெட்டிக்குள் அதன் இடத்தில் வைக்கிறதுபோல வெகுநேரம் குனிந்து நின்றார்.